ஃபைப்ரோஸ்கேனில் 10.8, எம்.ஆர். எலாஸ்டோகிராஃபியில் 3.4: கல்லீரல் தழும்பு குறைந்துவிட்டதா?

கேள்வியின் சுருக்கம்: கேட்டவருக்கு வயது 52. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு; மதுப் பழக்கம் இல்லை. அல்ட்ராசவுண்டில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்ததால், கல்லீரலின் இறுக்கத்தை அதிர்வால் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் செய்திருக்கிறார், அதில் 10.8 கிலோபாஸ்கல். மூன்று மாதம் கழித்து, வேறொரு மருத்துவரின் பரிந்துரையில், அதே இறுக்கத்தை எம்.ஆர்.ஐ. கருவியால் அளக்கும் எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி செய்திருக்கிறார், அதில் 3.4 கிலோபாஸ்கல், கொழுப்பு 17 விழுக்காடு. இடையில் மூன்று கிலோ எடை குறைத்திருக்கிறார். தழும்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதா, ஊசி குத்தித் திசு எடுக்கும் பயாப்சி இனியும் தேவையா, இவ்வளவு செலவு செய்வதற்குப் பதில் சாதாரண எம்.ஆர்.ஐ. போதாதா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை: குறையவில்லை; கூடவும் இல்லை. உங்கள் இரண்டு அறிக்கைகளும் ஏறத்தாழ ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. அலகு ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்று என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அளக்கப்படுவது வேறு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் யங் குணகம், விறைப்புக் குணகம் என்று இரண்டு தனித்தனியாகப் படித்திருப்போம். ஃபைப்ரோஸ்கேன் அறிக்கையில் அச்சாவது யங் குணகம், எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி தருவது விறைப்புக் குணகம். கல்லீரலைப் போல நீர் நிறைந்த, அழுத்தினால் பருமன் மாறாத பொருளில் முன்னது பின்னதைப்போல மூன்று மடங்காக இருக்கும். 3.4-ஐ மூன்றால் பெருக்கினால் 10.2 வருகிறது, உங்கள் பழைய எண் 10.8. இரண்டு கருவிகள் அதிர்வை அனுப்பும் வேகம் வேறு (ஒன்று 50 ஹெர்ட்ஸ், மற்றது 60 ஹெர்ட்ஸ்), அளக்கும் இடமும் வேறு என்பதால் இந்தப் பெருக்கல் கணக்கு துல்லியமான மாற்று வாய்பாடு ஆகாது. ஆயினும் இரண்டு எண்களுக்கும் இடையே தென்படும் வேறுபாடு நோயில் ஏற்பட்ட மாற்றம் அன்று, அளவுகோலின் மாற்றம் என்பதைக் காட்ட அது போதும். நான் கதிரியக்கத் துறையில் இருப்பவன். இந்த ஒரு குழப்பத்தால் மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், வரிசை மாற்றிச் செய்துகொண்டு, 4 ஆக இருந்தது 12 ஆகிவிட்டதே என்று உறங்காமல் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அறிக்கை எழுதும் நாங்கள் எண்ணுக்கு அருகில் ஒரு வரி சேர்த்து எழுதினால் இது நேராது, பெரும்பாலும் எழுதுவதில்லை.

அடுத்து, அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. கொழுப்போ, வைரஸோ, மதுவோ கல்லீரல் செல்களை ஆண்டுக்கணக்கில் காயப்படுத்திக்கொண்டே இருந்தால், அந்தச் செல்களுக்கும் நுண்குழாய்களுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் அமைதியாகக் கிடக்கும் விண்மீன் வடிவச் செல்கள் விழித்துக்கொண்டு கொலாஜன் நாரைச் சுரக்கத் தொடங்குகின்றன. 1876-இலேயே கார்ல் வான் குப்ஃபர் என்ற ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் இச்செல்களைக் கண்டு எழுதியிருந்தாலும், தழும்புக்குக் காரணம் இவையே என்பது நூறாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. முதலில் இரத்தக் குழாய்களைச் சுற்றி மெல்லிய நார். பிறகு குழாயையும் குழாயையும் இணைக்கும் பாலங்கள். இறுதியில் நார்ச்சுவர்கள் சூழ்ந்த முண்டு முண்டான கல்லீரல், அதாவது சிரோசிஸ். இந்த வளர்ச்சியை நோயியல் வல்லுநர்கள் எஃப்0 முதல் எஃப்4 வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்குப் பின்னாளில் கல்லீரல் செயலிழக்குமா என்பதைக் கொழுப்பின் அளவைவிட இந்தப் படியே நன்றாக முன்னறிவிக்கிறது. எனவேதான் உங்கள் மருத்துவர் 17 விழுக்காடு கொழுப்பைப் பற்றி ஒரு வாக்கியமும் 3.4-ஐப் பற்றிப் பத்து நிமிடமும் பேசியிருப்பார்.

நார் கூடினால் உறுப்பு இறுகும். இது புதிய அறிவு இல்லை. வலது விலா எலும்பின் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, இறங்கி வரும் கல்லீரலின் விளிம்பு மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பது இன்றும் மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கப்படும் பாடம். விரலின் குறை என்னவென்றால், அது விளிம்பைத் தவிர வேறொன்றையும் தொட முடியாது, தொட்டு உணர்ந்ததை எண்ணாகச் சொல்லவும் தெரியாது. எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி அந்த விரலை உடலுக்குள் அனுப்புகிற ஏற்பாடு. சந்தையில் பானையைத் தட்டி வாங்குகிறோமே, அதே அறிவுதான். தட்டியதும் எழுகிற அதிர்வைக் காதால் கேட்பதற்குப் பதில் காந்தக் கருவியால் படம் பிடிக்கிறோம்.

இந்த முறையை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ கிளினிக்கில் ரிச்சர்ட் ஈமன் என்பவரின் குழு உருவாக்கியது. 1995-இல் சயின்ஸ் இதழில் வெளியான முதல் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் ராஜா முத்துப்பிள்ளை. தமிழ் வாசகர் அந்த இடத்தில் ஒரு நொடி நின்று படிப்பதில் தவறில்லை. கல்லீரல் நோயாளிகளிடம் விரிவான ஆய்வுகள் பத்தாண்டுகள் கழித்து வந்தன. 2009-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கருவிக்கு ஒப்புதல் அளித்தது.

பரிசோதனை மேசையில் உங்கள் வலப்பக்க விலாவின்மேல் கஞ்சிரா அளவில் ஒரு வட்டத் தட்டை வைத்து இடுப்புப் பட்டையால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதில் உலோகம் கிடையாது. அறைக்கு வெளியே இருக்கும் ஒலிபெருக்கி போன்ற இயந்திரத்திலிருந்து ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காற்றின் அழுத்தம் நொடிக்கு 60 முறை ஏறியிறங்கி அந்தத் தட்டை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு விலாவைக் கடந்து கல்லீரலுக்குள் குறுக்கலையாகப் பரவுகிறது. திசு அசைவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குகள் மட்டுமே; கண்ணுக்கோ அல்ட்ராசவுண்டுத் திரைக்கோ அது தெரியாது. எம்.ஆர்.ஐ. கருவியிலோ காந்தப்புலச் சரிவை அதே 60 ஹெர்ட்ஸ் தாளத்தில் முன்னும் பின்னும் புரட்டினால், அசையும் புரோட்டான்களின் சமிக்ஞையில் கட்ட வேறுபாடு, அதாவது அலை முன்பின்னாக நகரும் அளவு, சேர்ந்துகொண்டே போகும். அசைவு எவ்வளவோ அந்த அளவுக்குக் கட்டமும் மாறும். அலையின் நான்கு தருணங்களை இப்படிப் பதிவு செய்தால், குளத்தில் கல் விழுந்த பிறகு பரவும் வளையங்களைப் போலக் கல்லீரலுக்குள் அலை ஓடுவது திரையில் தெரியும். முதன்முறை பார்ப்பவர் எவரும் வாய் திறந்துதான் பார்ப்பர்.

இனி இயற்பியல் எளிது. இழுத்துக் கட்டிய கயிற்றில் அலை வேகமாகவும், தொய்ந்த கயிற்றில் மெதுவாகவும் போவதுபோல, இறுகிய திசுவில் அலை வேகமாகச் செல்லும். நொடிக்கு 60 அதிர்வு என்பது மாறாததால், வேகம் கூடினால் அலைநீளமும் கூடும். 2.5 கிலோபாஸ்கல் உள்ள கல்லீரலில் அலை நொடிக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் ஓடுகிறது, இரண்டு முகடுகளுக்கு இடையே 2.6 சென்டிமீட்டர். சிரோசிஸ் வந்து 6.4 கிலோபாஸ்கல் ஆன கல்லீரலில் வேகம் 2.5 மீட்டர், முகடுகளுக்கு இடையே 4.2 சென்டிமீட்டர். அந்த இடைவெளியைக் கணினி புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டு, ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் வண்ண வரைபடமாகத் தருகிறது. அலை சரியாகச் சென்று சேராத பகுதிகளைக் குறுக்குக் கோடுகளால் மறைத்தும் விடுகிறது. எஞ்சிய நம்பகமான பகுதியில், விளிம்பையும் பெரிய இரத்தக் குழாய்களையும் பித்தப்பையையும் தவிர்த்து, நான்கு குறுக்குவெட்டுகளில் வட்டமிட்டு எடுத்த சராசரிதான் உங்கள் 3.4.

படம் எடுக்கும்போது மூச்சை முழுவதும் வெளியே விட்டபின் ஏறத்தாழ பதினைந்து நொடி நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், அதுவும் நான்கு முறை. இழுத்துப் பிடிப்பது எல்லோருக்கும் வரும்; வெளியே விட்டு நிறுத்துவது பலருக்கு முதலில் திணறலாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கல்லீரல் ஒரே இடத்தில் வந்து நிற்பது மூச்சை விட்ட நிலையில்தான், ஆழமாக மூச்சிழுத்தால் கல்லீரலின் இறுக்கமும் மாறுகிறது என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. இந்தப் பகுதிக்குக் காடோலினியம் என்ற மருந்தூசி தேவையில்லை, கதிர்வீச்சும் கிடையாது. இதய பேஸ்மேக்கர், காது உள்வைப்பு, கண்ணில் உலோகத் துகள் ஆகியவற்றுக்கு எந்த எம்.ஆர்.ஐ.க்கும் உள்ள எச்சரிக்கைகள் இதற்கும் உண்டு.

எண்ணின் பொருள். 2.5 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் இயல்பு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 2.5 முதல் 2.9 வரை இயல்பாகவும் இருக்கலாம், அழற்சியாகவும் இருக்கலாம். பொதுவாக வழங்கும் அட்டவணையில் 2.9 முதல் 3.5 வரை முதல் அல்லது இரண்டாம் படி, 3.5 முதல் 4 வரை இரண்டு அல்லது மூன்று, 4 முதல் 5 வரை மூன்று அல்லது நான்கு, 5-க்கு மேல் நான்காம் படி. இந்த எல்லைகளைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். 2007-இல் மேயோ குழு 50 நோயாளிகளையும் 35 நலமான தன்னார்வலர்களையும் ஒப்பிட்டு 2.93 என்ற எல்லையைக் கண்டபோது, தழும்பு உள்ளவர்களில் 98 விழுக்காட்டினரை அது பிடித்தது. நோயாளியையும் முழு நலமுள்ளவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எந்தப் பரிசோதனையும் அழகாகத்தான் தெரியும். பின்னர் 12 ஆய்வுகளிலிருந்து 697 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்றாம் படிக்கு 4.11, நான்காம் படிக்கு 4.71 என்று எல்லைகள் வந்தன. கொழுப்புக் கல்லீரலுக்கு மட்டும் செய்த ஆய்வுகளில் அவை இன்னும் கொஞ்சம் கீழே வருகின்றன. படிகள் ஐந்தே, கல்லீரல் இறுகுவதோ படியில்லாத சரிவு. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே ஒரு கோடு கிழிப்பது எங்கள் வசதிக்காக. ஆகவே 3.4 என்பதை நான் இப்படிப் படிப்பேன்: தழும்பு இருக்கிறது, அது பெரும்பாலும் இரண்டாம் படியை ஒட்டியது, சிரோசிஸ் இல்லை.

இதில் ஒரு முக்கியமான தடை உண்டு. கருவி அளப்பது இறுக்கத்தை, தழும்பை அன்று. தழும்பு இல்லாமலும் கல்லீரல் இறுகும் வழிகள் பல. கடுமையான மஞ்சள் காமாலையில் அழற்சியால் வீங்கிய கல்லீரல், பித்தக்குழாய் அடைபட்டுத் தேங்கிய கல்லீரல், இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்ததால் இரத்தம் தேங்கிக் கனத்த கல்லீரல் ஆகியவை சிரோசிஸ் போலவே சிவந்து காட்டும். இதய நோயாளி ஒருவரின் வண்ணப்படத்தை மட்டும் வைத்து நான்காம் படி என்று எழுதிவிட்டால், அவரை வீணாகக் கல்லீரல் மாற்று மருத்துவரிடம் அனுப்பியவர்கள் ஆவோம். ஆகவே ஒரு நல்ல அறிக்கை, எண்ணைத் தருவதற்கு முன் கல்லீரல் சிரைகள் விரிந்திருக்கின்றனவா, பித்தக்குழாய் அடைபட்டிருக்கிறதா, ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவு இயல்பைவிடப் பல மடங்கு ஏறியிருக்கிறதா என்பவற்றைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னும் எளிய காரணம் ஒன்று உண்டு: காலை உணவு. சாப்பிட்டவுடன் குடலிலிருந்து கல்லீரலுக்குப் பாயும் இரத்தம் கூடுகிறது. நலமான கல்லீரல் அதைத் தாங்கி விரிந்து கொடுக்கும். ஏற்கெனவே நார் படர்ந்த கல்லீரலோ விரிய இடமின்றி இறுகும். ஆகவேதான் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் எதுவும் உண்ணாமல் வரச் சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், நீரிழிவு மாத்திரை போட்டிருக்கிறேன், மயக்கம் வந்துவிடும் என்று பயந்து, காத்திருப்பு அறையில் நான்கு இட்லியை முடித்துவிட்டு மேசையில் ஏறினார். கேட்டபோது எதுவும் சாப்பிடவில்லை என்றார். வந்த எண்ணுக்கும் மற்ற பரிசோதனைகளுக்கும் பொருத்தமே இல்லை. ஒரு வாரம் கழித்து வெறும் வயிற்றில் மீண்டும் எடுத்தபோது அது இறங்கியிருந்தது. நீங்கள் இரண்டு முறையும் வெறும் வயிற்றோடு சென்றீர்களா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். நீரிழிவு மருந்தை அன்று எப்போது எடுப்பது என்பதை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டால் இட்லிக்கு அவசியம் இராது.

கல்லீரலில் கொழுப்பு இருப்பது மட்டும் இந்த எண்ணைப் பெரிதாக மாற்றுவதில்லை. உடல் பருமனும் வயிற்றில் நீர் தேங்கியிருப்பதும் ஃபைப்ரோஸ்கேனைத் தடுக்கும் அளவுக்கு இதைத் தடுப்பதில்லை. இதைத் தோற்கடிப்பது இரும்பு. தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் கல்லீரலில் படிந்த இரும்பு, சமிக்ஞையை நாம் படிப்பதற்கு முன்னரே அணைத்துவிடுகிறது. அலை ஓடியிருக்கும், ஆனால் பார்க்க வெளிச்சம் இருக்காது. ஸ்பின் எக்கோ வகைப் பதிவு முறை இந்தத் தடையைப் பெருமளவு கடக்க உதவுகிறது. மேயோ கிளினிக்கில் தொடர்ச்சியாகச் செய்த 1,377 பரிசோதனைகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது 94.4 விழுக்காடு வெற்றி பெற்றிருந்தது.

இரண்டாவது கேள்வி, பயாப்சி. பயாப்சியே இறுதித் தீர்ப்பு என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் ஆழமாக இருக்கிறது. அதற்கு வரலாறு உண்டு. 1958-இல் ஜோர்ஜோ மெங்கினி என்ற இத்தாலிய மருத்துவர் ஒரே நொடியில் திசுவை உறிஞ்சி எடுக்கும் ஊசியை அறிமுகப்படுத்திய பிறகு அது உலகெங்கும் பரவியது. இன்று நாம் தழும்பைப் பற்றி அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த ஊசி தந்ததே. ஆனால் ஊசியில் வரும் திசு, கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லாச் சோறும் ஒரே உலையில் ஒன்றாக வெந்ததால் பொருந்துகிறது; தழும்போ அப்படிச் சீராகப் படர்வதில்லை. 2005-இல் பிரான்சில் கொழுப்புக் கல்லீரல் உள்ள 51 பேரிடம் ஒரே நேரத்தில் இரண்டு திசுக்கள் எடுத்து ஒப்பிட்டார்கள். 41 விழுக்காட்டினருக்கு இரண்டு திசுக்களிலும் தழும்பின் படி ஒன்றாக இல்லை. வலி பொதுவானது, இரத்தக் கசிவு அரிது, ஆனால் உண்டு, பத்தாயிரத்தில் ஒருவர் அளவுக்கு உயிரிழப்பும் பதிவாகியிருக்கிறது. ஆண்டுதோறும் ஒருவரைப் பின்தொடர்வதற்கு இது ஏற்ற வழியாகாது.

ஃபைப்ரோஸ்கேன் ஒரு சென்டிமீட்டர் அகலமும் நான்கு சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு திசு உருளையை அளக்கிறது. ஊசியைப்போல நூறு மடங்கு. எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி நான்கு முழுக் குறுக்குவெட்டுகளை அளக்கிறது. கொழுப்புக் கல்லீரலில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள், 2016-இல் ஜப்பானில் 142 பேரிடமும் 2017-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் 104 பேரிடமும் செய்யப்பட்டவை, எம்.ஆர். முறைக்கே கூடுதல் துல்லியம் இருப்பதைக் காட்டின. வேறுபாடு மிகுதியாகத் தெரிந்தது தொடக்கப் படிகளில்தான். அதற்காக எல்லோரும் நேராக எம்.ஆர்.ஐ. அறைக்கு வர வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஃபைப்ரோஸ்கேன் மலிவு, ஐந்து நிமிட வேலை, சிறு ஊர்களிலும் கிடைக்கிறது. 8-க்குக் கீழே வந்தால் பெரும்பாலோர் அத்துடன் நிம்மதியாகத் திரும்பலாம். 8-க்கும் 12-க்கும் நடுவே வந்து நிற்கும் உங்களைப் போன்றவர்களுக்கும், மிகப் பருமனானவர்களுக்கும், இரத்தப் பரிசோதனையும் ஃபைப்ரோஸ்கேனும் முரண்படுபவர்களுக்கும்தான் எம்.ஆர். முறை தன் செலவுக்கு ஈடு கொடுக்கிறது.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரத்தப் பரிசோதனையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தழும்பை மதிப்பிட உதவும் ஃபிப்-4 என்ற கணக்குக்கு வயது, ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு நொதி, ஏ.எல்.டி., தட்டணுக்கள் ஆகிய நான்கு மட்டுமே வேண்டும். நீங்கள் அனுப்பியுள்ள ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 64, தட்டணு 1,90,000. வயதையும் ஏ.எஸ்.டி.யையும் பெருக்கினால் 2,496. தட்டணுவை ஆயிரத்தில் கொண்டு 190 என எழுதி, ஏ.எல்.டி.யின் வர்க்கமூலமான 8-ஆல் பெருக்கினால் 1,520; முன்னதைப் பின்னதால் வகுக்க 1.64. எம்.ஆர். இறுக்கம் 3.3-க்குக் குறையாமலும் ஃபிப்-4 எண் 1.6-க்குக் குறையாமலும் இருந்தால் இரண்டாம் படியோ அதற்கு மேலோ தழும்பு இருக்கும் என்று கொள்ளும் ஒரு கூட்டு விதி உண்டு. சான் டியாகோ ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, இரண்டு நிபந்தனைகளும் பொருந்தியவர்களில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோரின் பயாப்சி அதை உறுதிப்படுத்தியது. நீங்கள் இரண்டு எல்லைகளையும் மயிரிழையில் தாண்டுகிறீர்கள்.

மூன்று வெவ்வேறு வழிகளில் அளந்தவை ஒரே திசையைக் காட்டும்போது, படியை அறிவதற்காக மட்டும் ஊசி குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தன்னுடல் தாக்கு அழற்சி என்ற ஐயம், ஏதோ ஒரு மருந்தால் கல்லீரல் கெட்டிருக்கலாம் என்ற ஐயம், இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினும் எதிர்ப்பொருள்களும் விளக்கமின்றி உயர்ந்திருப்பது போன்ற நிலைகளில் பயாப்சிக்கு மாற்று இல்லை. அங்கே கேள்வி எவ்வளவு தழும்பு என்பதன்று, எதனால் என்பது. உங்கள் மருத்துவர் பயாப்சியை வலியுறுத்தினால், இந்த இரண்டில் எந்தக் கேள்விக்காக என்று கேளுங்கள். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரை, கொழுப்புக் கல்லீரல் அழற்சியோடு இரண்டாம் அல்லது மூன்றாம் படித் தழும்பு உள்ளவர்களுக்கு ஒப்புதல் பெற்றபோதும், பயாப்சி கட்டாயம் என்று அதன் அறிவுறுத்தலில் விதிக்கப்படவில்லை.

மூன்றாவது கேள்வி, சாதாரண எம்.ஆர்.ஐ. போதாதா என்பது. போதாது. கல்லீரலின் மேற்பரப்பு முண்டு முண்டாகத் தெரிவது, வலது மடல் சுருங்கி வால் மடல் பருப்பது, மண்ணீரல் வீங்குவது ஆகியவை எல்லாம் தழும்பு முற்றியபின் கட்டடம் விரிசல் விட்ட அடையாளங்கள். இரண்டாம் படியில் இருக்கும் கல்லீரல் சாதாரணப் படத்தில் மிக அழகாக இருக்கும். மேற்பரப்பு சீராக உள்ளது என்று அறிக்கையில் வந்தால், தழும்பு இல்லை என்று பொருள் கொள்ள முடியாது.

எலாஸ்டோகிராஃபி தவிர வேறு எம்.ஆர். வழிகளும் முயலப்பட்டிருக்கின்றன. திசுவில் நீர் மூலக்கூறுகள் பரவும் வேகம் தழும்பு கூடினால் குறைகிறது. ஆனால் கொழுப்பும் அழற்சியும் இரும்பும் இரத்த ஓட்டமும் அதே வேகத்தைக் குலைப்பதால் அடுத்தடுத்த படிகளைப் பிரித்துச் சொல்ல அதனால் முடிவதில்லை. கல்லீரல் செல்கள் உள்வாங்கும் காடாக்சிடேட் என்ற மருந்தை ஏற்றி, இருபது நிமிடம் கழித்து எவ்வளவு உள்வாங்கியது என்று பார்ப்பது செல்களின் வேலைத்திறனைக் காட்டும், நாரை நேரடியாகக் காட்டாது. ஆக்ஸ்ஃபர்டில் வளர்ந்த இன்னொரு முறை டி1 என்ற தளர்வு நேரத்தை, அதாவது தூண்டப்பட்ட புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை, இரும்பின் பாதிப்பை நீக்கித் திருத்தி, மில்லிவினாடியில் தருகிறது. செல்லுக்கு வெளியே நீர் கூடினால் அது நீளும் என்பதால் அழற்சியும் தழும்பும் சேர்ந்தே அதில் ஏறுகின்றன. ஒரு மருந்து அழற்சியைத் தணிக்கிறதா என்று பார்க்க அது நல்ல கருவி, தழும்பை மட்டும் தனித்துச் சொல்ல அன்று. இவற்றுள் தழும்பின் படியைச் சொல்வதில் எலாஸ்டோகிராஃபியே முன்னிற்கிறது என்பது என் கருத்து. கொழுப்பை அளக்கும் பதிவும் அதே அமர்வில் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது; 5 விழுக்காட்டைத் தாண்டினால் கொழுப்புக் கல்லீரல் எனலாம் என்ற கணக்கில் உங்கள் 17 கணிசமானது.

மூன்று கிலோ எடைக் குறைப்பு வீண்போயிற்றா என்று கேட்கத் தோன்றும். அது எதிரொலிக்கும் முதல் இடம் கொழுப்பு, பிறகு அழற்சி, கடைசியாக, மாதங்களில் அன்று, ஆண்டுகளில், தழும்பு. அடுத்த முறை ஒப்பிடும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். ஒரே நபரை, எதுவும் மாறாத நிலையில், இருமுறை அளந்தாலும் எண் சற்று முன்பின் ஆகும். 19 விழுக்காடோ அதற்கு மேலோ மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம் என்பது அளவீட்டு வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட வரம்பு. உங்களுக்கு அது 2.75-க்குக் கீழே இறங்குவது அல்லது 4.05-ஐத் தொடுவது. 3.1 என்று வந்தால் கொண்டாட வேண்டாம், 3.7 என்று வந்தால் கலங்கவும் வேண்டாம்.

அந்த ஒப்பீடு செல்லுபடியாக வேண்டுமானால் அதே மையத்தில், அதே வகைக் கருவியில், ஆறு மணி நேர வெறும் வயிற்றில் எடுங்கள்; ஃபைப்ரோஸ்கேன் எண்ணோடு ஒருபோதும் கோடு போட்டு இணைக்காதீர்கள். அறிக்கைத் தாளோடு வண்ணப்படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள், ஏனெனில் அடுத்து அறிக்கை எழுதுபவர் முதலில் பார்க்க விரும்புவது, 3.4 என்ற எண்ணுக்காகச் சென்ற முறை வட்டம் எந்த இடத்தில் போடப்பட்டது என்பதைத்தான்.